திரவியத்துக்கு வந்த குரல்

வடக்களத்து உப்புத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்த பொன்னுலிங்க அண்ணாச்சி இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, மாசி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், கம்பெனி கேட்டுக்கு முன்னால் கூடிய கூட்டத்தில், அவர் பொறுப்புக்கு வந்திருந்த திரவியம் எழுந்து மைக்கைப் பிடித்து "தாய்மாரே, அண்ணன் தம்பிமாரே" என்று சொன்னான். வந்தது பொன்னுலிங்க அண்ணாச்சியின் குரல்.

யாரும் எழுந்து ஓடவில்லை. அண்ணாச்சி பேச ஆரம்பித்தால் பெண்கள் எப்படி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வசதியாக உட்காருவார்களோ அப்படியே உட்கார்ந்தார்கள். அண்ணாச்சிக்குப் பிடிக்காது என்று ஆண்கள் எப்படிப் பீடியைத் தரையில் தேய்த்து அணைப்பார்களோ அப்படியே அணைத்தார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டு, தட்ட வேண்டிய இடத்தில் கை தட்டி, கூட்டம் முடிந்து, எழுந்து, பின்பக்கத்துப் புழுதியைத் தட்டிக்கொண்ட பிறகுதான் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் முதலில் வந்தது என் மேல்.

சங்கத்துக் கூட்டங்களுக்கு மைக் செட் போடுகிறவன் நான்தான். ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியும் சைக்கிள் கேரியரில், இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களும் ஹேண்டில் பாரின் இரண்டு பக்கமும் தொங்க, அந்தக் காலத்தில் நான் வருவதைப் பார்த்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்று ஊர் தெரிந்துகொள்ளும். மாசானம் என்று ஒருவர் இருந்தார். உப்பு அள்ளுகிற வேலையில் பாதியும் சந்தேகப்படுகிற வேலையில் பாதியுமாக ஆயுளைக் கழித்தவர். தெருவில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு நின்றால் தன் வீட்டுப் பக்கம் பார்த்தா சிரிக்கிறார்கள் என்று திரும்பி வந்து நின்று பார்ப்பார். அவர்தான் முதலில் வந்தார்.

"ரேடியோக்காரரே, உள்ள என்ன கேசட்டு ஓடுது?"

"இதுல கேசட்டு போட இடமே கிடையாது அண்ணே."

"அத நீரு சொல்லுதீரு. திறயும் பாப்போம்."

திறந்தேன். சிவப்பு வயரையும் பச்சை வயரையும் மேலும் கீழும் பார்த்தார். மூலையில் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது.

"இது எதுக்கு?"

"அது தானாச் செத்ததுண்ணே."

"எல்லாம் தானாத்தான் சாவுது," என்று சொல்லிவிட்டு, திரவியத்தைக் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டம் பின்னாலேயே போனது. மைக் இல்லை, வயர் இல்லை, சுற்றிலும் வெட்டவெளி.

"இப்போ பேசு."

"என்ன பேச?" என்றான் திரவியம்.

அண்ணாச்சியே பக்கத்தில் நின்று கேட்டதுபோல இருந்தது. மாசானம், தன்னை அறியாமல், மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார். அதற்கு மேல் யாரும் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

பொன்னுலிங்க அண்ணாச்சியின் குரலைக் கேட்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஈர உப்பைத் தரையில் கொட்டுகிறபோது அடியில் ஒரு கரகரப்பும் மேலே ஒரு பளபளப்பும் இருக்குமே, அப்படி ஒரு குரல். அந்தக் குரலில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை "முடியாது" என்பது. கம்பெனிக்காரர்கள் எது சொன்னாலும் அவர் முடியாது என்பார். பிறகு அவர்கள் இறங்கி வருவார்கள், சில நேரம் வரமாட்டார்கள், வராவிட்டாலும் அவர் முடியாது என்று சொன்ன அழகை நினைத்துக்கொண்டே ஜனங்கள் பசியோடு படுத்துவிடுவார்கள். திரவியத்தின் சொந்தக் குரலோ மெலிசானது, லேசாகக் கம்மியிருக்கும், வாசலில் நின்று ஒன்றைக் கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவனின் குரல். அவன் பேசுகிற ஆளே இல்லை. அதனால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணாச்சிக்குப் பிறகு நன்றாகப் பேசக்கூடிய மூன்று பேர் தலைவராக ஆசைப்பட்டார்கள், அந்த மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைச் சந்தேகப்பட்டார்கள், மூன்று பேரையும் மாசானம் சந்தேகப்பட்டார், கடைசியில் யாருக்கும் இடைஞ்சல் செய்யாத திரவியத்தைப் பிடித்து உட்காரவைத்தார்கள். உட்காரவைத்தார்கள் என்றால் நாற்காலியில் இல்லை. அண்ணாச்சியின் நாற்காலியில் அவருடைய துண்டையும் மாலையையும் போட்டு வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியை இவனுக்குக் கொடுத்தார்கள். எந்த விஷயம் வந்தாலும் "அண்ணாச்சி இருந்தா என்ன சொல்லியிருப்பாவ?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, அந்த நாற்காலியைப் பார்த்து முடிவெடுத்தார்கள். திரவியம், உனக்கு என்ன தோணுது என்று அந்தச் சங்கக் கொட்டகையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் குரல் ஏன் வந்தது என்று என்னை யாராவது கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்டதில்லை.

குரல் வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் ஊருக்குப் பெரிய வேலையாக இருந்தது. முதலில் அண்ணாச்சிக்கு மட்டும் தெரிந்த சங்கதிகளைக் கேட்டுப் பார்த்தார்கள். எங்க அப்பா உங்ககிட்ட என்ன சொல்லிட்டுச் செத்தாரு என்று ஒருவன் கேட்டான், எங்க ஆட்டத் திருடினது யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு சொன்னியளே என்று ஒருத்தி கேட்டாள். "எனக்குத் தெரியாது" என்று திரவியம் அண்ணாச்சியின் குரலில் சொன்னான். குரல்தான் வந்திருக்கிறது, ஞாபகம் வரவில்லை என்று தெரிந்தது. தெரிந்ததும் மறுபடி சந்தேகம் வந்தது: குரலும் ஞாபகமும் ஒன்றாக வந்தால் அது ஆவி, குரல் மட்டும் வந்தால் அது என்ன? பிறகு அந்தோணியம்மாள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். உப்பு வாருகிறவர்களில் அவளுக்கு வாய் அதிகம்.

"பேச்சுதான் அண்ணாச்சி பேச்சு. தும்மல் இவன் தும்மல்தான். நான் பக்கத்துல நின்னு கேட்டேன்."

"கொறட்டை?" என்று யாரோ கேட்டார்கள்.

"அத இசக்கியம்மாகிட்டதான் கேக்கணும். நான் எதுக்குப் போய் அங்க படுக்கேன்!"

உப்பளமே சிரித்தது. திரவியத்தின் மனைவி இசக்கியம்மாள் மட்டும் சிரிக்காமல் வாருபலகையை இழுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனாள்.

கம்பெனி மேனேஜருக்கு வேறு விதமான சந்தேகம். திரவியம் முதல் தடவை ஆபீஸுக்குள் போய் "வணக்கம்" என்றதும், பழக்கதோஷத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எழுந்த கோபத்தில், இது சங்கத்துக்காரர்கள் செய்கிற தந்திரம் என்று முடிவு கட்டி, வாட்ச்மேனைச் சுடுகாட்டுக்கு அனுப்பி, அண்ணாச்சி உண்மையிலேயே செத்துவிட்டாரா என்று விசாரித்துவரச் சொன்னார். வாட்ச்மேன் நம் ஆள்தான். போகிற வழியில் டீ குடித்துவிட்டு வந்து, "செத்துட்டாரு சார், நான்தான் கொள்ளிச்சட்டிக்கு முன்னால நடந்தேன்" என்று சொன்னான்.

நாள் போகப்போக ஊர் அந்தக் குரலைத் தன் சொத்தாக்கிக்கொண்டது. ஒரு வீட்டிலிருந்து சுக்கும் கருப்பட்டியும் வந்தது, ஒரு வீட்டிலிருந்து தேன் வந்தது, பானைத் தண்ணீரைக் குடிக்காதே என்று கிழவர்கள் சொன்னார்கள். உப்புக்காற்று தொண்டைக்கு ஆகாது என்று சங்கத்திலே பேசி, திரவியம் இனி பாத்தியில் இறங்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். இதுதான் அவனுக்கு அடியாக விழுந்தது. வடக்களத்தில் அவனைப்போல உப்பு வாருகிற ஆள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இருந்தார்கள். ஆனால் அவனைப்போல அதில் சந்தோஷப்பட்ட ஆள் இல்லை. அவன் இப்போது வரப்பில் நின்று மற்றவர்கள் வாருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான், பேசுவதற்கு ஆள் வந்து கூப்பிட்டால் போனான், பேசினான், திரும்பி வந்து நின்றான். கால் வெடிப்பெல்லாம் ஆறிவிட்டது என்று ஒரு நாள் என்னிடம் காலைத் தூக்கிக் காட்டினான். அதை அவன் ஒரு வியாதியைக் காட்டுவதுபோலக் காட்டினான்.

அண்ணாச்சியின் மனைவி சுயம்புக்கனியக்கா கூட்டங்களுக்கு வந்ததே கிடையாது. அவர் இருந்தவரை வீட்டிலேயே கேட்டுக்கொண்டிருந்த குரலைக் கேட்கத் தெருவுக்கு வருவானேன் என்று இருந்திருப்பார்கள். இப்போது எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார்கள். என் குழாய் கட்டியிருக்கிற கம்பத்துக்கடியில், காது செவிடாகிற அளவு நெருக்கமாக, தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். என்ன பேசுகிறான் என்று கேட்பதாகத் தெரியவில்லை. ஒரு நாள் கூட்டம் கலைந்து நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, திரவியத்திடம் வந்து, "எய்யா, ஒரு தடவை என் பேரச் சொல்லிக் கூப்பிடுதியா" என்று கேட்டார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் வயரைப் பார்த்தேன்.

"சுயம்பு" என்றான்.

"ம்," என்றார்கள் அவர்கள், அடுக்களையிலிருந்து பதில் சொல்கிற மாதிரி. பிறகு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு தினமும் வந்தார்கள்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரி அப்போது உயிரோடு இருந்தாள். திரவியத்துக்கு அவள் ஒன்றுவிட்ட அக்கா, அந்த முறையில்தான் அவன் என்னை அத்தான் என்று கூப்பிடுவான். "கேட்டுட்டுப் போறாவ, விடுங்க. அந்தச் சங்கடம் உங்களுக்கு எங்க தெரியப்போவுது" என்றாள். ஊருக்கெல்லாம் குரலைப் பெரிதாக்கிக் கொடுத்த வீட்டில் அவள் குரல் ஒரு கேசட்டிலும் இல்லை. பதிந்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் இசக்கியம்மாளுக்கு அந்தச் சங்கதி வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலம் எனக்கும் கேட்கும்படி, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து அவள் கத்தினாள்.

"அவ புருஷன் குரல்ல அவளப் பேர் சொல்லிக் கூப்பிட்டியளாமே. என்னை எந்தக் குரல்ல கூப்பிடுவிய?"

அண்ணாச்சியின் குரல் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தது.

"வேண்டாம். எங்கிட்டப் பேசாதிய. கண்ண மூடுனா வீட்டுக்குள்ள வேற ஆம்பள இருக்காரு. உங்க முகத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? பேசணும்னா எனக்கு உங்க குரல் வேணும், இல்லன்னா ஒண்ணும் வேண்டாம்."

அன்றிலிருந்து திரவியம் தன் வீட்டுக்குள் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைத் தட்டுவான், சோறு போதுமென்றால் கையைக் காட்டுவான். வெளியே அவன் பேச்சுக்கு ஊரே காத்திருந்தது, வீட்டில் அவன் ஊமை. அவளும் அவன் முதுகைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தாள்: இந்த மனுஷன் திரும்பி வருவாரா, அல்லது இப்படியே வேறு ஒருவராகிப் போய்விடுவாரா என்று.

அந்த வருஷம் வைகாசியில் வேலைநிறுத்தம் வந்தது. குடிதண்ணீர்தான் விஷயம். அளத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்குக் கம்பெனி டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றும். மத்தியானத்துக்குள் அது கொதித்துப்போய், கரிப்பேறி, குடித்தவர்களுக்கு வயிற்றைப் பிடித்து இழுக்கும். குழாய் போட்டு அளத்துக்குள் தண்ணீர் கொண்டுவா, அதுவரை உப்பு வாரமாட்டோம் என்று சங்கம் சொன்னது. அண்ணாச்சி சாவதற்கு முன் கடைசியாகக் கேட்டது இதுதான். திரவியம் அதைப் பேசினான், குரல் பேசியது, எல்லோரும் கருவிகளைக் கொட்டகையில் போட்டுவிட்டு வெளியேறினார்கள்.

ஆனி போனது, ஆடி போனது. பாத்திகளில் உப்பு இறுகிப் பாறையானது. ஆண்கள் உடைமரக் காட்டுக்கு விறகு வெட்டப் போனார்கள், பெண்கள் பாதிப் பேர் பட்டணத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் பசியில் தெருவில் விளையாடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாளில் மழை வந்துவிடும். வந்தால் தை மாதம்வரை யாருக்கும் வேலை கிடையாது. ஆவணி பிறந்ததும் மேனேஜர் திரவியத்தைக் கூப்பிட்டனுப்பினார். குழாய் போடுகிறோம், கேட் வரைக்கும்தான் போடுவோம், உள்ளே முடியாது, நாளைக்கு மத்தியானத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் நானும் அவனும் வரப்பில் நடந்தோம். என்னோடு மட்டும் அவன் கொஞ்சம் பேசுவான்; நான் குரல்களுக்குப் பழகினவன்.

"அத்தான், எனக்கு என்ன தோணுதுன்னு சொல்லட்டா?"

"சொல்லு."

"ஒத்துக்கிடலாம்னு தோணுது. கேட் வரைக்கும் நல்ல தண்ணி வரட்டும். அங்க இருந்து குடத்துல எடுத்துக்கிட்டு வரலாம். இப்போ உள்ள போனா மழைக்கு முன்னால கொஞ்சமாவது உப்பு வாரலாம். பிள்ளைகளப் பாக்க முடியல அத்தான்."

"அப்போ நாளைக்குச் சொல்லிரு. நீ சொன்னா மறுபேச்சு இருக்காது."

"நான் சொன்னாலா?" என்று நின்றான். "இந்தக் குரல் சொன்னா. அதுதான அத்தான் பிரச்சினை. அண்ணாச்சி ஒருநாளும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டாவ. அளத்துக்குள்ள வராம முடியாதுன்னுதான் சொல்லியிருப்பாவ. அவுக குரல்ல நான் ஒத்துக்கிடச் சொன்னா, ஒருத்தரும் எதுத்துப் பேசமாட்டாங்க, அப்படியே எந்திரிச்சு உள்ள போயிருவாங்க. செத்த மனுஷனப் பொய் சொல்ல வைக்க மாதிரி இருக்கு."

"அப்போ முடியாதுன்னு சொல்லிட்டுப் போ."

"அது என்னையப் பொய் சொல்ல வைக்கும்."

இன்னொன்றும் எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் குரலில் ஒத்துக்கொள்ளச் சொன்னால் அது அண்ணாச்சி சொன்னது. அதுவே தன் முடிவு என்று சொன்னால், கம்பெனிக்காரன் இவனை வாங்கிவிட்டான் என்றுதான் பேச்சு வரும். செத்தவரை யாரும் விலைக்கு வாங்க முடியாது. உயிரோடு இருக்கிறவனைப் பற்றி அப்படிச் சொல்ல ஒரு மாசானம் போதும்.

மறுநாள் காலை கேட்டுக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். பட்டணத்துக்கு வேலைக்குப் போன பெண்கள்கூட லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். இசக்கியம்மாள் வரவில்லை. சுயம்புக்கனியக்கா என் குழாய்க்கடியில் இருந்தார்கள். திரவியம் வந்து, முக்காலியில் உட்காராமல், என்னைப் பார்த்து மைக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். அணைத்தேன். அவன் ஜனங்களுக்கு நடுவில் போய் நின்றான்.

"நான் சொல்லுதத எல்லாரும் கவனமாக் கேளுங்க," என்றான். ஈர உப்புக் கொட்டுவதுபோல அந்தக் குரல் வந்தது. முந்தானைகள் தலைக்கு ஏறின. "இது அண்ணாச்சி குரல். ஆனா அண்ணாச்சி சொல்லுதது இல்ல. அண்ணாச்சிகிட்டக் கேட்டா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பாவ. நான் சொல்லுதேன், திரவியம். எனக்கு ஒத்துக்கிடலாம்னு தோணுது. கேட் வரைக்கும் குழாய வாங்கிக்கிட்டு உள்ள போவோம், அடுத்த வருசம் மறுபடி கேப்போம். இது தப்பா இருக்கலாம். தப்புன்னா அது என் தப்பு, அவுக மேல போடாதிய. இந்தக் குரலக் கேட்டுக் கைதூக்காதிய. சொன்னதக் கேட்டுத் தூக்குங்க."

பிறகு கூட்டம் குழம்பத் தொடங்கியது. அண்ணாச்சி பேச்சைக் கேட்காதீர்கள் என்று அண்ணாச்சியே சொன்னால், கேட்டால் கேட்காததாகும், கேட்காவிட்டால் கேட்டதாகும். இது நம்மை ஆழம் பார்க்கிற பரீட்சை என்று சிலர் சொன்னார்கள். மேனேஜர் இவனுக்கு என்ன கொடுத்தான் என்று சிலர் கேட்டார்கள். மாசானம் சாரத்தை இறக்குவதா மடிப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, தெளிவாச் சொல்லு. இப்போ பேசினது நீயா அவுகளா?"

"நான்தாம்ணே."

"அத எப்படி நம்ப? அவுக குரல்லல்லா சொல்லுத!"

"வேற குரல் எங்கிட்ட இல்லையே," என்றான் திரவியம். அந்தப் பெரிய குரலில் அதைக் கேட்கப் பரிதாபமாக இருந்தது.

அப்போது சுயம்புக்கனியக்கா எழுந்தார்கள். கூட்டத்தில் அவர்கள் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"நான் சொல்லுதேன் மாசானம். எங்க வீட்டுக்காரவகூட இத்தன வருசம் இருந்திருக்கேன். ஒருநாளும் 'எனக்கு இப்படித் தோணுது'ன்னு பேசினதில்ல. 'தப்பா இருக்கலாம்'னு அவுக வாயில வந்ததே இல்ல. கஞ்சியில உப்பு இல்லன்னாகூட, 'இல்ல'ன்னா இல்லதான், மறுதடவை நாக்குல வச்சுப் பாக்க மாட்டாவ." யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். "குரலு அவுகளுது. நான் தினமும் வந்து கேட்டேன், எனக்குத் தெரியாதா. பேசினது இந்தப் பிள்ள."

"அப்போ அண்ணாச்சி?" என்றார் மாசானம், குழந்தை கேட்பதுபோல.

"அவுக செத்துப் போயிட்டாவ மாசானம். நீரும்தான தூக்கிட்டுப் போனீரு."

மாசானம் தன் வலது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அண்ணாச்சி என்ன சொல்லியிருப்பார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஆனால் சண்டை போட்டார்கள். அந்தக் கேட்டுக்கு முன்னால் அப்படி ஒரு சண்டையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முடியாது என்று சொல்ல வேண்டும் என்றவர்கள் தங்கள் சொந்த வாயால் அதைச் சொன்னார்கள், ஒத்துக்கொள்ளலாம் என்றவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்கள், அந்தோணியம்மாள் இரண்டு பக்கத்தையும் திட்டினாள். திரவியத்தின் முகத்துக்கு நேராக, விலைபோனவன் என்று ஒருவன் சொன்னான். "இருக்கலாம்னு உனக்குத் தோணுனா, நீ கைதூக்காத" என்று திரவியம் சொன்னான். கடைசியில் கை தூக்கினார்கள். ஒத்துக்கொள்ளலாம் என்றவர்கள் கொஞ்சம் அதிகம். மாசானம் நம்பாமல், ஒவ்வொரு கையையும் தொட்டு மறுபடியும் எண்ணினார்.

குழாய் கேட் வரைக்கும் வந்தது. அளத்துக்குள் அது வருவதற்கு இன்னும் பல வருஷங்களும் இன்னொரு வேலைநிறுத்தமும் ஆனது. அதையும் திரவியம்தான் நடத்தினான். அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, கேட்டோடு நிறுத்திக்கொள்ள அவன் கம்பெனியிடம் என்ன வாங்கினானோ என்று மாசானம் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். திரவியம் அதற்குப் பதில் சொன்னதில்லை. அந்தப் பக்கமாகப் போகும்போது அவருக்கு ஒரு பீடி கொடுத்துவிட்டுப் போவான்.

அதெல்லாம் பிறகு. அன்று மத்தியானம், கூட்டம் கலைந்து, ஆண்களும் பெண்களும் கொட்டகையிலிருந்து வாருபலகைகளை எடுத்துக்கொண்டு அளத்துக்குள் போன பிறகு, சுயம்புக்கனியக்கா திரவியத்தின் பக்கம் வராமல், திரும்பிப் பார்க்காமல், தெற்குத் தெரு வழியாகத் தன் வீட்டுக்குப் போனார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றவன் என்னோடு நடக்கத் தொடங்கினான். வழியில் எதிரே வந்த இரண்டு பேர் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, நாங்கள் கடந்ததும் தொடர்ந்தார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசிப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். பயம் எனக்கும் இருந்தது, அதனால் நானும் எதுவும் கேட்கவில்லை.

அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நான் என் வாசலில் சைக்கிளை நிறுத்திக் குழாய்களை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவன் சங்கிலியைத் தட்டினான்.

"யாரு?" உள்ளேயிருந்து இசக்கியம்மாள்.

திரவியம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். தொண்டையைச் செருமினான். கையைச் சங்கிலிக்குக் கொண்டுபோய், மறுபடி தட்டாமல், கீழே இறக்கினான்.

"நான்தான்."

மெலிசாக, கொஞ்சம் கம்மிப்போய், கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல ஒரு குரல். உள்ளே ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

"யாருன்னு கேட்டேன்."

"நான்தாம்ட்டி. திரவியம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னான்.

கதவு அப்போதும் திறக்கவில்லை. அவள் நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். கையில் குழாயை வைத்துக்கொண்டு, உள்ளே போகவும் முடியாமல், அங்கேயே நின்றேன்.

"இவ்வளவு நாளும் எங்க போயிருந்திய?" என்று அவள் கேட்டாள்.

அவன் என் பக்கம் திரும்பினான். பிறகு கதவைப் பார்த்து, எல்லா வீட்டிலும் எல்லாப் புருஷர்களும் சொல்கிற மாதிரி, சொன்னான்.

"மீட்டிங் முடிய நேரமாயிட்டு."

தாழ்ப்பாள் விலகியது.